எதற்கு எதிரான பழசு?

ஸ்பானிஷ் கற்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆனவர்கள் எல்லோரும் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள்: "ஓல்டுக்கு ஸ்பானிஷில் என்ன?" கேள்வி சின்னது. பதில் சொல்ல ஒரு டீ குடிக்கிற நேரமாவது வேண்டும். அகராதியைத் திறந்தால் பியேஹோ, அந்திகுவோ, மயோர், அன்சியானோ, அன்யேஹோ என்று ஒரு வரிசையே இருக்கும். பெரும்பாலும் முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். பல இடங்களில் அது பொருந்திவிடும். பொருந்தாத இடத்தில், மரியாதையாகச் சொல்ல நினைத்தது மரியாதைக் குறைவாகிவிடும். "முன்பு நான் இருந்த வீடு" என்று சொல்ல நினைத்தது "இடிந்து விழப்போகும் வீடு" என்று போய்ச் சேரும்.

ஆங்கிலத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, தமிழில் சில தொடர்களைச் சொல்லிப் பாருங்கள். வயதான பாட்டி. மூத்த அண்ணன். பழைய செருப்பு. முன்பு குடியிருந்த வீடு. தொன்மையான நாகரிகம். நெடுநாள் நண்பர். ஆறு தொடர்கள், ஆறுக்கும் வேறு வேறு அடைமொழி. பாட்டியைப் 'பழைய பாட்டி' என்று நாம் சொல்வதில்லை; செருப்பை 'மூத்த செருப்பு' என்பதும் இல்லை. ஆங்கிலத்தில் இந்த ஆறையும் ஓல்ட் என்ற ஒரே சொல்லால் ஒப்பேற்றிவிடலாம். தமிழ் பேசுகிறவர் ஸ்பானிஷுக்குப் போக ஆங்கிலத்தின் வழியே சுற்றிக்கொண்டு போனால், கையில் இருந்த ஆறு வேறுபாடுகளையும் வழியில் தொலைத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் மறுபடி தேட வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் ஸ்பானிஷ், ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது. எல்லைகள் அப்படியே ஒத்துப்போகாது என்றாலும், பிரித்துப் பார்க்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. "இந்த இடத்தில் இந்தப் பழசுக்கு எதிர்ச்சொல் எது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதுசா? இளமையா? நவீனமா? இப்போதையதா? இளையதா? எதிரில் இருப்பது தெரிந்துவிட்டால், சொல்லும் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பியேஹோ. பெண்பாலுக்கு பியேஹா. எழுதும்போது ஆங்கில வி எழுத்தில்தான் தொடங்கும். ஆனால் ஸ்பானிஷில் அந்த எழுத்துக்கும் பி எழுத்துக்கும் ஒலி ஒன்றே. 'பாரதி' என்பதில் வரும் மெல்லிய 'ப'வாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லுக்கு இரண்டு எதிர்ச்சொற்கள் உண்டு. பொருளானால் நுவேபோ, அதாவது புதியது. மனிதரானால் ஹோபென், அதாவது இளையவர்.

பொருள்களில் சிக்கல் குறைவு. சபாத்தோஸ் பியேஹோஸ் என்றால் தேய்ந்துபோன பழைய காலணி. கோச்சே பியேஹோ என்றால் ஓடி ஓடிக் களைத்த பழைய கார். பயன்பாடு, தேய்மானம் இரண்டும் இந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. அதனால் ஒருவர் பாதுகாத்து வைத்திருக்கும் அரிய காரைப் பார்த்து 'கோச்சே பியேஹோ' என்றால் அவர் மனம் நோகும். அதற்கு 'கோச்சே அந்திகுவோ' என்று சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே வருடத்தில் செய்த வண்டியாகவே இருக்கலாம். எதிரில் எதை நிறுத்துகிறோம் என்பதுதான் வேறு. ஒன்றுக்கு எதிரில் புது வண்டி, இன்னொன்றுக்கு எதிரில் நவீன வண்டி.

இந்தப் பழசு–புதுசு இணை ஸ்பெயினின் பழைய வரைபடத்திலேயே பதிந்திருந்தது. வடக்கே காஸ்தீயா லா பியேஹா, அதாவது பழைய காஸ்தீல். தெற்கே காஸ்தீயா லா நுவேபா, புதிய காஸ்தீல். தெற்குப் பகுதி மண் ஒன்றும் வயதில் இளையது இல்லை. முஸ்லிம் ஆட்சியில் இருந்த தொலேதோ நகரை 1085இல் ஆறாம் அல்ஃபோன்சோ கைப்பற்றிய பிறகு, அதைச் சுற்றிய நிலம் காஸ்தீலில் புதிதாகச் சேர்ந்தது. புதுசு என்று ஒன்று வந்ததால் முன்பிருந்தது பழசாயிற்று.

இதே இணை மனிதர்மேல் ஏறி, கொடுமையாகவும் மாறியிருக்கிறது. பழைய ஸ்பெயினில் 'கிறிஸ்தியானோ பியேஹோ' என்று சொன்னால் வயதான கிறிஸ்தவர் என்று பொருளில்லை. பரம்பரையில் யூதரோ முஸ்லிமோ மதம் மாறி வந்து கலக்காத குடும்பத்தவர் என்று பொருள். ஐந்து வயதுக் குழந்தையும் கிறிஸ்தியானோ பியேஹோதான். மதம் மாறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கிறிஸ்தியானோ நுவேபோ; பல பதவிகளும் அமைப்புகளும் அவர்களுக்கு மூடிக் கிடந்தன. செர்வாந்தெஸின் தோன் கிஹோதே நாவலில் எழுதப் படிக்கத் தெரியாத சாஞ்சோ பான்சா, தான் பழைய கிறிஸ்தவன் என்று பெருமை பேசுவது இதனால்தான். ஓல்ட் என்று மட்டும் படித்துக்கொண்டு போனால் இந்த வரலாறு கண்ணில் படாது. எதிர்ச்சொல்லைத் தேடினால் உடனே தெரியும்.

மனிதர்களின் வயதுக்கு பியேஹோ சொல்லும்போது நிதானம் வேண்டும். அறிமுகமில்லாத முதியவரை 'பியேஹோ' என்றால், நம்மூரில் 'கிழவன்' என்பதற்கு ஏறக்குறைய அருகில் போய்விடும். அதே சொல் வீட்டுக்குள் வந்தால் அன்பாகிவிடுகிறது. அர்ஜென்டினாவில் 'மி பியேஹோ' என்றால் 'எங்கப்பா'. 'மிஸ் பியேஹோஸ்' என்றால் 'எங்க அப்பா அம்மா'. பியெரோ என்ற பாடகர் 1969இல் தம் தந்தையை நினைத்துப் பாடிய புகழ்பெற்ற பாட்டின் தலைப்பே 'மி பியேஹோ'தான். நம் கிராமங்களில் பாட்டி, தாத்தாவை 'எங்க கிழவன்' என்று சொல்லும்போது அதில் உரிமை ஒலிக்கிறதல்லவா, அதேபோல. அந்த உரிமை நமக்கு இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் சொல்லை எடுக்க வேண்டும். ஹெமிங்வேயின் 1952ஆம் ஆண்டு நாவலில் வரும் கியூபா மீனவர், ஸ்பானிஷ் தலைப்பில் 'எல் பியேஹோ' என்றே இருக்கிறார். கடலோரத்து எளிய மனிதருக்கு அந்தச் சொல்தான் பொருத்தம்.

பியேஹோவோடு வரும் வினைச்சொல்லையும் கவனியுங்கள். ஸ்பானிஷில் 'இருக்கிறார்' என்பதற்கு சேர், எஸ்தார் என்று இரண்டு வினைகள். 'எஸ் பியேஹோ' என்றால் அவர் வயதானவர். அது அவருடைய தன்மை. 'எஸ்தா பியேஹோ' என்றால் அவர் தளர்ந்துவிட்டார், வயதாகித் தெரிகிறார். முன்பு பார்த்ததற்கும் இப்போதைக்கும் உள்ள மாற்றத்தைச் சொல்கிறோம். நாற்பது வயதுக்காரரைப் பற்றியும் இரண்டாவதைச் சொல்ல முடியும்.

அப்படியானால் மரியாதையாகச் சொல்ல என்ன வழி? மயோர். இது தமிழருக்குச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லாத சொல். 'பெரிய' என்று பொருள்படும் கிராந்தே என்ற சொல்லின் ஒப்பீட்டு வடிவம் இது. நேர்ப்பொருள் 'இன்னும் பெரிய'. "வீட்டுல பெரியவங்க இருக்காங்களா?" என்று நாம் கேட்கிறோமே, அந்தப் பெரியவர்தான் 'பெர்சோனா மயோர்'. "நான் பெரியவனானதும் டாக்டராவேன்" என்று ஒரு பையன் சொன்னால் அங்கும் மயோர்தான். அண்ணன் 'எர்மானோ மயோர்'. அவருக்கு எதிரில் நிற்கும் தம்பி 'எர்மானோ மெனோர்'. சட்டப்படி பதினெட்டு வயது நிறைந்தவர் 'மயோர் தே எதாத்'. முதியோர் நலனைக் கவனிக்கும் ஸ்பெயின் அரசு நிறுவனமான இம்செர்சோவின் முழுப்பெயரிலும் 'மயோரெஸ்' என்றே இருக்கிறது. வளர்ந்தவர், மூத்தவர், முதியவர் மூவரையும் 'பெரியவர்' என்ற ஒரே சொல்லில் அடக்கும் நமக்கு, இதில் தடுமாற எதுவுமில்லை. மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் வயதானவர்களை 'ஹெந்தே கிராந்தே' என்று பேச்சில் சொல்வார்கள். அது அப்படியே நம் 'பெரியவங்க'.

ஒருவரைவிட இன்னொருவருக்கு வயது அதிகம் என்று சொல்லும்போதும் மயோரே நல்லது. "என்னைவிட இரண்டு வயது பெரியவர்" என்று சொல்ல 'எஸ் தோஸ் அன்யோஸ் மயோர் கே யோ' என்பார்கள். இங்கே 'மாஸ் பியேஹோ' என்று போட்டால் "என்னைவிடக் கிழடு" என்ற தொனி ஏறிவிடும். நெருங்கியவர்கள் நடுவில் மட்டுமே அது செல்லும். அன்சியானோ என்பது இன்னும் முதிர்ந்த வயதைக் குறிக்கும், கொஞ்சம் எழுத்துநடைச் சொல். செய்திகளிலும் முதியோர் இல்லத்தின் பெயரிலும் அதைப் பார்க்கலாம். எழுபது வயதில் திடமாக நடமாடும் ஒருவரை நேரில் அன்சியானோ என்று அழைத்தால் அவர் விரும்பமாட்டார். மயோர் எங்கும் பிழைபடாது.

இப்போது இந்தக் குடும்பத்திலேயே பொருள் வளம் மிகுந்த சொல்லுக்கு வருவோம்: அந்திகுவோ. 'முன்னால்' என்று பொருள்படும் ஆந்தே என்ற லத்தீன் சொல் இதன் வேரில் இருக்கிறது. அந்த 'முன்'தான் இதன் உயிர். தமிழிலும் 'முன்' ஒன்றை வைத்தே முன்னோர், முன்னாள், முந்தைய எல்லாம் சொல்கிறோம். அந்திகுவோவின் எதிர்ச்சொல் ஓரிடத்தில் மொதேர்னோ, அதாவது நவீனம். வேறோரிடத்தில் அக்துவால், அதாவது இப்போதையது. இந்த இரண்டையும் பிரித்தறிவதற்கு ஸ்பானிஷ் ஓர் அடையாளம் வைத்திருக்கிறது: சொல் நிற்கும் இடம்.

'உனா காசா அந்திகுவா' என்று வீட்டுக்குப் பின்னால் வந்தால், அது பழங்காலத்து வீடு. 'மி அந்திகுவா காசா' என்று வீட்டுக்கு முன்னால் வந்தால், அது நான் முன்பு குடியிருந்த வீடு. போன வருடம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பாகவும் இருக்கலாம். 'அந்திகுவோ அலும்னோ' என்றால் முன்னாள் மாணவர். இதை நன்றாக மனத்தில் வைக்க ஒரு நகரத்தின் பெயர் போதும்.

குவாத்தமாலாவில் அந்திகுவா என்றொரு ஊர் இருக்கிறது. ஸ்பானிஷ் ஆட்சிக் காலத்தில் மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதியை ஆண்ட தலைநகர் அது. 1773 ஜூலையில் வந்த நிலநடுக்கம் அதைச் சிதைத்தது. அரசு வேறு பள்ளத்தாக்கில் புதுத் தலைநகர் கட்டி, 1776இல் அங்கே மாறியது. இன்றைய குவாத்தமாலா நகரம் அதுதான். விட்டுவந்த ஊரை மக்கள் 'லா அந்திகுவா குவாத்தமாலா' என்று அழைத்தார்கள். சுற்றுலா வருபவர்கள் பலரும் அதைத் 'தொன்மையான குவாத்தமாலா' என்று புரிந்துகொள்கிறார்கள். சொல் நிற்கும் இடத்தைப் பாருங்கள்: பெயருக்கு முன்னால். 'முன்னாள் குவாத்தமாலா' என்பதே அதன் பொருள். இப்போது மக்கள் அடைமொழியை மட்டும் வைத்துக்கொண்டு அந்திகுவா என்கிறார்கள். 1979இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரின் பெயரிலேயே அதன் வரலாறு சுருக்கமாக எழுதப்பட்டிருக்கிறது.

பியேஹோவும் அந்திகுவோவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்க பனாமா நகரத்துக்குப் போக வேண்டும். 1519இல் பெத்ராரியாஸ் தாபிலா நிறுவிய முதல் நகரம், 1671இல் ஹென்றி மோர்கன் என்ற கடற்கொள்ளையர் படையெடுத்தபோது தீயில் அழிந்தது. சில கிலோமீட்டர் தள்ளி, ஒரு தீபகற்பத்தில் 1673இல் நகரத்தைப் புதிதாகக் கட்டினார்கள். அழிந்த இடம் 'பனாமா பியேஹோ' ஆயிற்று: புதிய பனாமா ஒன்று எழுந்ததால் இது பழைய பனாமா. இன்று அங்கே கோபுரமும் சுவர்களும் இடிபாடுகளாக நிற்கின்றன. ஆனால் 1673இல் புதிதாக இருந்த நகரமும் இப்போது பழையதாகிவிட்டதே! கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த நவீன நகரத்துக்கு எதிரில் அதை 'காஸ்கோ அந்திகுவோ' என்கிறார்கள், பழம்பகுதி என்று. பேச்சில் அதையே 'காஸ்கோ பியேஹோ' என்றும் சொல்வார்கள். ஹவானாவின் பழம்பகுதி 'லா ஆபானா பியேஹா', பில்பாவோவில் 'காஸ்கோ பியேஹோ'. வேறு பல ஸ்பெயின் ஊர்களில் 'காஸ்கோ அந்திகுவோ'. ஊர்ப் பெயர் என்று வந்துவிட்டால் அந்த ஊர் மக்கள் எப்படிச் சொல்கிறார்களோ அதுவே சரி. பைபிளின் பழைய ஏற்பாடும் அப்படித்தான். எதிரில் 'நுவேபோ' நின்றாலும் பெரும்பாலோர் அதை 'அந்திகுவோ தெஸ்தமெந்தோ' என்பார்கள். எதிர்ச்சொல் வழி பத்தில் எட்டு இடத்துக்கு வழிகாட்டும். இப்படி உறைந்துபோன தொடர்களை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

சொல்லின் இடம் பொருளை மாற்றுவது பியேஹோவுக்கும் உண்டு. 'உன் அமிகோ பியேஹோ' என்றால் வயதான நண்பர். 'உன் பியேஹோ அமிகோ' என்றால் நெடுநாள் நண்பர். இருவருக்குமே இருபது வயதாக இருக்கலாம். பொதுவான ஒரு போக்கு இதில் தெரிகிறது. அடைமொழி பெயருக்குப் பின்னால் வந்தால், பொருளைத் தனியாக நிறுத்தி அளந்து பார்க்கிறது: எத்தனை வயது, எவ்வளவு தேய்மானம். முன்னால் வந்தால், பொருளுக்கும் பேசுகிறவருக்கும் உள்ள உறவைச் சொல்கிறது: எத்தனை நாள் பழக்கம், இப்போதும் தொடர்கிறதா இல்லையா. தமிழில் அடைமொழி எப்போதும் பெயருக்கு முன்னால்தான் வரும். அதனால் இந்த ஒன்றை நாம் தனியாகப் பழகித்தான் ஆக வேண்டும். வாய்விட்டு இரண்டு வகையாகவும் சொல்லிச் சொல்லிப் பழகுங்கள்.

அடுத்து சாப்பாட்டு மேசை. இங்கே பழசு குறையும் ஆகலாம், சிறப்பும் ஆகலாம். பழைய அரிசிக்கு நம் கடைகளில் புது அரிசியைவிட விலை கூடுதல் இல்லையா? அந்த மதிப்பைச் சொல்ல ஸ்பானிஷில் ஒரு தனிச்சொல்லே இருக்கிறது: அன்யேஹோ. ஆண்டு என்று பொருள்படும் சொல்லோடு உறவுடையது. காலம் ஏறி, பக்குவம் வந்தது என்று பொருள். மெக்சிகோவின் தெகீலாவில் ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது இரண்டு மாதம் கிடந்தது ரெபொசாதோ, ஓராண்டு கிடந்தது அன்யேஹோ, மூன்றாண்டு கிடந்தது எக்ஸ்த்ரா அன்யேஹோ. ஸ்பெயினில் பாலாடைக்கட்டிக்கு 2006ஆம் ஆண்டின் அரசாணை இந்தச் சொற்களை நாள் கணக்கிலேயே வரையறுத்துவிட்டது. ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட கட்டியானால், 105 நாள் முதிர்ந்தது குராதோ, 180 நாள் ஆனால் பியேஹோ, 270 நாள் ஆனால் அன்யேஹோ. மனிதர் விஷயத்தில் அவ்வளவு தயங்கிச் சொல்லும் பியேஹோ, இங்கே விலையை உயர்த்தும் முத்திரையாக அட்டையில் அச்சாகி வருகிறது.

நேற்றைய ரொட்டிக்கு இந்த மதிப்பெல்லாம் கிடையாது. அதைக் காய்ந்து கடினமானது என்ற பொருளில் 'பான் தூரோ' என்பார்கள். எண்ணெயும் வெண்ணெயும் காறிப்போனால் ரான்சியோ. ஆனால் அதே ரான்சியோவைப் பரம்பரைக்குச் சேர்த்து 'ரான்சியோ அபொலேங்கோ' என்றால், வேரூன்றிய பழங்குடும்பம் என்று புகழ்ச்சியாகிவிடும்.

மிச்சமுள்ள சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிகப் பழையதும் சிதைந்ததும் பெதுஸ்தோ. எழுத்தில்தான் அதிகம் வரும். கிளாரின் என்ற புனைபெயரில் எழுதிய லெயோபோல்தோ ஆலாஸ், 1884–85இல் வெளியிட்ட 'லா ரெஹெந்தா' நாவலில், ஒவியேதோவை மாதிரியாகக் கொண்டு படைத்த நகரத்துக்கு பெதுஸ்தா என்று பெயர் வைத்தார். உள்ளே நுழையும் முன்பே அந்த ஊரின் தேங்கிப்போன வாழ்க்கையைப் பெயர் சொல்லிவிடுகிறது. வழக்கொழிந்த உடைக்கும் கருத்துக்கும் அந்திகுவாதோ என்பது பொருந்தும். பழைய முறைகளை விடாமல் பிடித்திருக்கும் ஒருவரை 'சபாதோ அ லா அந்திகுவா' என்பார்கள்.

எந்த அடைமொழியும் வேண்டாத இடம் ஒன்றும் இருக்கிறது. தினமும் தேவைப்படுவதும் அதுதான். ஒருவர் வயதைக் கேட்க ஆங்கிலத்தில் வழக்கமாக ஓல்ட் வந்துவிடும். ஸ்பானிஷில் 'குவாந்தோஸ் அன்யோஸ் தியேனெஸ்?' என்பார்கள்: எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கிறாய்? மரியாதைக்குரியவரிடம் 'தியேனெஸ்' என்பதை 'தியேனே' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். குழந்தையானால் மாதங்களை வைத்திருக்கும்; கட்டடமானால் நூற்றாண்டுகளை வைத்திருக்கும். நாமும் "உனக்கு எத்தனை வயது?" என்றுதான் கேட்கிறோம், ஓல்ட் போல ஓர் அடைமொழி நம் கேள்வியிலும் இல்லை. தமிழிலிருந்து நேரே போகிறவருக்கு இந்த வாக்கியம் தடையில்லாமல் வரும்.

"என் ஓல்ட் டீச்சரைப் பார்த்தேன்" என்று ஒருவர் ஆங்கிலம் கலந்து சொல்கிறார். ஸ்பானிஷில் சொல்ல வேண்டுமானால், அவர் சொல்வது எதற்கு எதிரான பழசு என்று முதலில் கேளுங்கள். இப்போது பாடம் நடத்தும் ஆசிரியருக்கு எதிராகவா? அப்படியானால் 'மி அந்திகுவா ப்ரொஃபெசோரா'. இளம் ஆசிரியைக்கு எதிராகவா? 'உனா ப்ரொஃபெசோரா மயோர்'. நேற்று அறிமுகமான தோழிக்கு எதிராக, நெடுநாள் பழகிய தோழியாகவே அவரை நினைக்கிறாரா? 'உனா பியேஹா அமிகா' என்று சொல்லிவிட்டு, அவர் ஆசிரியையாக இருந்ததை அடுத்த வாக்கியத்தில் சேர்க்கலாம்.

இனி குறிப்பேட்டில் இந்தச் சொற்களைத் தனித்தனியாக எழுதி எதிரில் ஓல்ட் என்று போடாதீர்கள். இணையாக எழுதுங்கள்: பியேஹோ–நுவேபோ, பியேஹோ–ஹோபென், அந்திகுவோ–மொதேர்னோ, அந்திகுவோ–அக்துவால், மயோர்–மெனோர். ஒவ்வோர் இணைக்கும் பக்கத்தில் நீங்களே உண்மையாகச் சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தை எழுதுங்கள்: உங்கள் அண்ணனைப் பற்றி, நீங்கள் முன்பு இருந்த தெருவைப் பற்றி, உங்கள் நெடுநாள் நண்பரைப் பற்றி. பெரிது, நல்லது, சூடு என்று அடுத்தடுத்து வரும் ஆங்கிலப் பொதுச்சொற்களுக்கும் இதே வழிதான் கைகொடுக்கும்.